முயலகன் நோயும் சுற்றத்தார் கடமையும்

ஒரு குடியிற் பிறந்தார் ஒருவர் திடீரென வீழ்ந்து, கண் செருகி, வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டியிழுப்பக் கிடப்பாராயின், அல்லது பிறர் காணாத உருவைக் கண்டதாகவும் பிறர் கேளாத குரலைக் கேட்டதாகவும் கூறி நடுங்குவாராயின், அவரினும் பெரிதாக அஞ்சுவோர் அவர்தம் சுற்றத்தாரேயாவர். அச்சம் முந்துமிடத்து அறிவு பிந்தும். பிந்தவே, ‘பேய் பிடித்தது’ என்னும் பெயர் பிறக்கும். அப்பெயரின் பின்னே வேப்பங்குழையும் பிரம்பும் சங்கிலியும் வரும். இத்தகைய துன்பத்தை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும், பின்வந்த காலங்களில் அது எவ்வாறு ஆராயப்பட்டது என்பதும் சைவ நன்மக்கள் அறிந்துகொள்ளத்தக்கனவாம்.

காவிரியின் வடபாலுள்ள திருப்பாச்சிலாச்சிராமம் இக்காலத்துத் திருவாசி என வழங்கும். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அங்கு எழுந்தருளிய காலத்து நிகழ்ந்ததனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். கொல்லி மழவன் என்னும் தலைவனுடைய மகள் முயலகன் என்னும் பிணியால் வருந்தினாள். வேறு எவ்வகையானும் அது தீராமையின், சிவனடி பற்றி வாழும் தன் குலமரபின்படி, மழவன் அவளைக் கொணர்ந்து திருக்கோயிலில் இறைவன் திருமுன்னர்க் கிடத்தினான். பிள்ளையார் எழுந்தருளினமை கேட்டு எதிர்கொண்டு பணிந்தான். உணர்விழந்து நிலத்திற் கிடந்த அக்கன்னியைக் கண்ட பிள்ளையார், இது யாதென வினவி, மழவன் உரைத்தன கேட்டுத் திருவுளம் இரங்கித் தக்கராகப் பண்ணிற் பதிகம் பாடியருளினார். நோய் நீங்கிற்று, மகள் எழுந்து தன் தந்தையின் பக்கத்தே வந்து நின்றாள்.

இவ்வரலாற்றினுள் உய்த்துணரத்தக்கன மூன்று. முதலாவது, மழவன் மகளை மறைத்திலன். தலைவன் ஒருவன் தன் கன்னிப் பெண்ணின் நோயை ஊரறியக் கோயிலில் வைத்தான். குடிப்பழிக்கு அஞ்சி உள்ளறையிற் பூட்டினான் அல்லன். இரண்டாவது, எடுத்த எடுப்பிலே கோயிலுக்குக் கொணர்ந்தானும் அல்லன். பிற வழிகளை நாடிப் பார்த்த பின்னரே கொணர்ந்தான். மூன்றாவது எல்லாவற்றினும் சிறந்தது. பிள்ளையார் அப்பெண்ணை நோக்கி வெகுண்டிலர்; அவளைப் பற்றியதொன்றை விளித்து ஓட்டவும் இல்லை. திருப்பதிகத்தின் பாடல்கள், இறுதியில் நிற்கும் திருக்கடைக்காப்பு ஒழிய, இறைவனையே முன்னிறுத்தி, இப்பெண்ணை இங்ஙனம் வாடச்செய்தல் அவர் பெருமைக்குத் தகுமோ என்னும் வினாவாக முடிகின்றன. குற்றம் நோயாளியின்மேல் ஏற்றப்படவில்லை. அவள் பொருட்டு இறைவனிடத்தே வழக்குரைக்கப்படுகின்றது.

முயலகன் என்பது கூத்தப்பெருமானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் குறளனது பெயருமாம். வடநூலார் அவனையும் இந்நோயினையும் ‘அபஸ்மாரம்’ என்னும் ஒரே சொல்லாற் குறித்தனர். நினைவிழத்தல் என்பது அதன் பொருள். சரக சங்கிதை இதனைத் தனி நோயாக வைத்து, நோய்க்குறி கூறும் பகுதியிலும் மருத்துவம் கூறும் பகுதியிலும் ஆராய்கின்றது. யவன தேசத்திலும் இது தெய்வத்தால் வரும் ‘புனித நோய்’ எனப்பட்டது. ஆயினும் கி.மு. 400-ஐ ஒட்டி எழுந்த இப்போக்கிரட்டீசு மரபினரின் நூலொன்று, பிற நோய்களினும் இது தெய்வத்தன்மை மிகுந்ததன்று, இதன் இருப்பிடம் மூளையே எனத் துணிந்துரைத்தது.

அத்துணிபு மெய்யென நிலைபெறுதற்கு நெடுங்காலம் சென்றது. 1857-இல் புரோமைடு உப்பும், 1912-இல் பீனோபார்பிட்டாலும் வலிப்பு நோய்க்கு மருந்தாயின. 1924-இல் செருமானிய நாட்டு மருத்துவர் ஆன்சு பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தார். மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் வரம்பிகந்து பொங்குதலே வலிப்பு என்பது இன்று தெளிந்த உண்மை. தக்க மருந்தை ஒழுங்காக உண்பாருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழவியலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

நள்ளிரவில் விழித்தவன் அசையமாட்டாது, மார்பின்மேல் ஏதோ ஏறி அமுக்குவதாக உணர்தலை ஊரார் ‘அமுக்குவான் பேய்’ என்பர். கனவு நிகழும் துயிலின்கண் உடற்றசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடத்தல் இயல்பு. உணர்வு முந்தி விழிக்க, அக்கட்டு அவிழாது சில கணம் நிற்பின், கனவின் உருவங்கள் விழித்த கண்ணுக்குத் தோன்றும். அத்துயிலின் இயல்பு 1953-இல் அறிவிக்கப்பட்டது. இனி, நன்றாக இருந்த இளம்பெண் சின்னாளில் பிதற்றி, வெறிகொண்டு, வலிப்புற்றுப் பேச்சிழத்தலும் உண்டு. உடலின் காப்பாற்றலே மூளையைத் தாக்குவதால் வரும் அழற்சி இதற்கு ஒரு காரணம் என்பது 2007-இல் தெளிவாயிற்று. காலத்தே கண்டுகொள்ளின் அது பெரும்பாலும் தீர்க்கத்தக்கதே. இத்தகையாளைக் கோடங்கியின் முன்னிருத்திக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவள் உயிர்நாளிற் குறைவதாம்.

அச்சத்தின் வழிச் செல்வது எங்குக் கொண்டு விடும் என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உளது. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளரை வைத்திருந்த காப்பகம் ஒன்றன் கூரைக் கொட்டகையில் 2001-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். அவர்களும் தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் உடையவர்களே. தீருமென்னும் நம்பிக்கையோடு கொணரப்பட்டவர்களே. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விடத்தும் எவ்வகையானும் சங்கிலியாற் பிணித்தலை விலக்கியது.

இதற்கு மறுதலையான வரலாறும் உண்டு. 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனைத் தலைவராயிருந்த வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளரின் சுற்றத்தாரை வளாகத்திலேயே கூடாரமிட்டு உடனுறையச் செய்தார். தம்மவர் முகம் அருகிருப்ப நோயாளர் விரைவிற் தேறினர். நோயின் இயல்பைக் கண்ணாரக் கண்ட சுற்றத்தாரும் அச்சந் தெளிந்து அவரை இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 நோயாளரைப் பெங்களூர் மனநல நிறுவனத்தார் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையும் கருதத்தக்கது. ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவர் தங்கினர். சராசரி ஆறு வாரம் அங்கு வைகினர். நோய்க்குறிகளை அளக்கும் அளவை ஏறத்தாழ நூற்றுக்கு இருபது குறைந்தது. அச்சுறுத்தாத, அன்பொடு தாங்கும் சூழலே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. கோயில் ஒன்றே, உறவு ஒன்றே. சங்கிலி உள்ளவிடத்துச் சுடுகாடும் அன்புள்ளவிடத்து அருமருந்தும் ஆயின.

திருப்பதிகத்தால் தீர்ந்த நோய்க்கு மருந்து தேடுதல் நம்பிக்கைக் குறைவன்றோ எனின், அன்று. மணி, மந்திரம், ஔடதம் என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து எண்ணியதே நம் மரபு. மருந்தின் பயனும் அவனருளின்றி விளையாது என்பதே சைவர் துணிபாகலின், மருத்துவனை நாடுதல் அருளினின்று விலகுதல் ஆகாது. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாக வகுத்து, நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு அருகிருந்து பேணுவோனையும் சேர்த்தார். அவ்விடம் சுற்றத்தாருக்கு உரியது.

ஆகலின் அவர் செயற்பாலன இவை: வலிப்பு வந்துழி நோயாளியை ஒருக்களித்துக் கிடத்தித் தலைக்கு மெத்தென்றதொன்றை வைத்தல், வாயில் எதனையும் திணியாமை, கையில் இரும்பையோ சாவிக்கொத்தையோ திணித்துக் காலம் போக்காமை, ஐந்து நிமிடத்தின் மேலும் நீடிப்பின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டேகல், மருத்துவர் சொல்லாது மருந்தை நிறுத்தாமை. உருவங்கண்டு நடுங்குவாரை எள்ளி நகைத்தலும் கூடாது. அவர் கண்டது மெய்யென உடன்பட்டு அச்சத்தை வளர்த்தலும் கூடாது. ‘நீ அஞ்சுகின்றாய் என்பதறிவேன், உன்னருகே இருக்கின்றேன்’ என்று சொல்லி, கைபற்றி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அதனோடு நாளும் திருநீறிட்டுத் திருப்பதிகம் ஓதுதல் ஓதுவார்க்கும் கேட்பார்க்கும் உள்ளத்தை நிலைநிறுத்தும்.

நோய் நீங்கிய அக்கன்னி எழுந்தவுடன் தந்தையின் பக்கத்தை அடைந்தனள் என்கின்றார் சேக்கிழார். அடைதற்கு அவன் அங்கே நின்றிருந்தான். நோயுற்றார் தெளிந்து கண் விழிக்குங்கால் அருகே நிற்றலே சுற்றத்தார் கடமைகளுள் தலையாயது.