அபூ உமைரின் குருவியும் நம் வீட்டு வரலாறும்

 

மதீனாவில் உம்மு சுலைம் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு நபி (ஸல்) அவர்கள் வருகை தருவது வழக்கம். அவ்வீட்டில் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் இருந்தார். அவர் ஒரு சிறு குருவியை வளர்த்து, அதனுடன் விளையாடி மகிழ்ந்து வந்தார். ஒருநாள் அக்குருவி இறந்துவிட்டது. வாடிய முகத்துடன் இருந்த அச்சிறுவரிடம் நபியவர்கள் பரிவோடு அதனைப் பற்றி விசாரித்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. ஹிஜ்ரி 335-இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார்கள்.

ஓர் உறவுச் சந்திப்பு, ஒரு சிறுவரின் பொழுதுபோக்கு, ஒரு சின்னஞ்சிறு துயரம். நம் முன்னோர் இதனையும் வரலாறு என்றே கருதிப் பாதுகாத்தனர். நாம் அவ்வாறு பாதுகாத்தோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோட்டைகள் சொல்லாத செய்தி

பெரம்பலூர், அரியலூர் பகுதியின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை ரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும்தான். பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடி, 1677-இல் சிவாஜியின் படையிடம் தோற்றார். 1751-இல் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் சந்தா சாஹிபும், ஆங்கிலேயரின் துணையுடன் முஹம்மது அலியும் இதே மண்ணில் மோதினர். இவையெல்லாம் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவையே.

ஆனால், அதே காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்த ஒரு தாய், தன் மகன் முதல் ஜுஸ்வை ஓதி முடித்த நாளில் எவ்வாறு மகிழ்ந்தாள் என்பதைச் சொல்ல ஓர் ஏடும் நம்மிடம் இல்லை. பெருநாளன்று எவர் எவர் வீட்டிற்குச் சென்றனர், எந்த ஊரில் பெண் கொடுத்து எந்த ஊரில் பெண் எடுத்தனர் என்பதும் நினைவில் மட்டுமே வாழ்ந்து, நினைவோடு மறைந்தது.

ஆட்சி எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பவை. திருச்சி மாவட்டத்தில் இருந்த அரியலூர் 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்திற்குள் வந்தது. 2001-இல் தனி மாவட்டமானது. 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 2007-இல் மறுபடியும் தனியானது. வீட்டை விட்டு நகராமலேயே ஒரு குடும்பம் பன்னிரண்டே ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியது. அரசு ஆவணங்கள் இதனைக் கவனமாகக் குறித்து வைத்துள்ளன. அக்குடும்பத்தின் உறவுமுறையைக் குறித்து வைக்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

அரபுத்தமிழில் வந்த கடிதங்கள்

முற்காலத்தில் நம் பெண்கள் எழுத்தறிவற்றவர்களாக இருந்தனர் என்று பலர் எண்ணுகின்றனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்களில் பலர் அரபுத்தமிழை அறிந்திருந்தனர். தமிழ் மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ப, ட, ள போன்ற ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை அதில் இயற்றினர். அதே எழுத்தில்தான் தாய்மார்கள் வெளியூரிலிருந்த கணவருக்கும் மகனுக்கும் கடிதம் எழுதினர்.

எமது குடும்பத்திலும் அத்தகைய கடிதங்கள் இருந்தன. மலாயாவில் கடை வைத்திருந்த நன்னாவுக்கும் ஊரிலிருந்த நன்னிக்கும் இடையே சென்று வந்தவை அவை. அக்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் சென்றனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் தபால் தொடர்பு அறுந்தது. 1945-இல் போர் முடியும்வரை, கணவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே தெரியாமல் காத்திருந்த பெண்கள் பலர். நன்னியும் அவர்களுள் ஒருவர்.

நன்னி வஃபாத்தான பின் அவர்களின் தகரப்பெட்டியைத் திறந்தோம். அரபு எழுத்திலிருந்த பழுப்பேறிய காகிதங்களைக் கண்டு, குர்ஆன் வசனங்கள் என்று எண்ணி, கண்ணியத்துடன் துணியில் சுற்றி ஆற்றில் விட்டுவிட்டனர் வீட்டார். பல ஆண்டுகள் கழித்து மூத்த மாமி ஒருவர், "அவை நன்னாவின் கடிதங்கள் அல்லவா!" என்று சொன்னபோதுதான் எமக்கு உண்மை விளங்கியது. அரபு எழுத்தை அன்றாடம் கற்பிக்கும் நாமே ஒருமுறை அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்திருக்கலாம். அதற்கும் முன்பே, நன்னி உயிருடன் இருந்தபோது அருகில் அமர்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இக்குறை எம்முடையதே.

சந்திப்பின் விலை

இன்று அலைபேசியில் முகம் பார்த்துப் பேசிவிடுகிறோம். முன்பு உறவைச் சந்திப்பது எளிதாக இருக்கவில்லை. பெரம்பலூர் நகருக்கு இன்றளவும் இரயில் இல்லை. இரயில் ஏற வேண்டுமெனில் நம்மவர்கள் அரியலூருக்குத்தான் சென்றனர். அந்த அரியலூருக்கு அருகில், 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குத் தார்மீகப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பதை வரலாறு நினைவில் வைத்துள்ளது. உறவைக் காணப் புறப்பட்டு வீடு திரும்பாதவர்களை அவரவர் வீடுதான் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் வளைகுடாப் பயணங்கள் தொடங்கின. கடிதத்தின் இடத்தை ஒலிநாடா பிடித்தது. ஊரிலிருந்து பிள்ளையின் மழலையையும், அது ஓதிய முதல் சூராவையும் பதிவு செய்து அனுப்புவர். அத்தா அங்கே அறைத் தோழர்களுடன் அமர்ந்து கண்கலங்கக் கேட்பார். அந்நாடாக்களில் பலவற்றின் மீது பிறகு வேறு எதையெதையோ பதிவு செய்துவிட்டோம்.

நாம் செய்ய வேண்டியது

உறவுகளைப் பேணி வாழும் அளவுக்கேனும் வம்சவழியை அறிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதைத் திர்மிதீயில் காண்கிறோம். அது குடும்பத்தில் அன்பையும், செல்வத்தில் பெருக்கத்தையும், ஆயுளில் நீட்சியையும் தரும் என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. குலப்பெருமை பேசுவதற்காக அல்ல, உறவைச் சேர்ப்பதற்காகவே அந்த அறிவு.

அண்மையில் மதரஸாவில் மாணவர்களிடம், தந்தைவழி, தாய்வழி முன்னோரின் பெயர்களை எழுதச் சொன்னோம். பெரும்பாலோர் நன்னாவின் பெயரோடு நின்றனர். நன்னியின் இயற்பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. மறுவாரம் அவர்கள் வீட்டில் கேட்டு எழுதி வந்தனர். ஒரு மாணவர், தன் வகுப்புத் தோழரே தனக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை என்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஈராண்டுகளாக அருகருகே அமர்ந்து ஓதியவர்கள் அவர்கள்!

எனவே, வரும் பெருநாள் சந்திப்பின்போது ஒரு குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களிடம் அவர்களின் முதல் நோன்பைக் கேளுங்கள். சிறுவயதில் எதை விளையாடினர், எதைச் சேகரித்தனர் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நாளும் பெயரும் குறித்து எழுதுங்கள். பிள்ளைகள் ஓதத் தொடங்கிய நாளையும், முதன்முதலில் குர்ஆனை முடித்த நாளையும் அதே ஏட்டில் பதியுங்கள். பழைய பெட்டியில் அரபு எழுத்துக் காகிதம் கிடைத்தால், அகற்றும் முன் அரபுத்தமிழ் அறிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சிறுவரின் குருவியை நாம் அறிந்திருக்கிறோம். ஒருவர் கேட்டார்கள், ஒருவர் நினைவில் வைத்து அறிவித்தார், பிறர் எழுதினர். நம் நன்னிமார்களுக்கும் அவ்வளவு போதும்.

அல்லாஹ் நம் உறவுகளைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.