அவசர மருத்துவக் கல்வியில் பாவனைப் பயிற்சி

அவசர சிகிச்சைப் பிரிவில் நேரக்கூடிய நெருக்கடிகளைப் பொம்மைகள், கருவிகள், நடிகர்கள் துணையோடு செயற்கையாக உருவாக்கி, மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவற்றில் பழக்கும் கல்விமுறை பாவனைப் பயிற்சி. மருத்துவமனை வட்டாரத்தில் சிமுலேஷன் என்றே சொல்கிறார்கள்.

மற்றத் துறைகளைவிட அவசர மருத்துவத்துக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. இங்கே மிக ஆபத்தானவை அரிதாகவே வருகின்றன. தொண்டைக்குள் குழாய் செலுத்தவும் முடியாமல், முகமூடி வழியாக மூச்சுக் கொடுக்கவும் முடியாமல், கழுத்தைக் கீறிக் காற்றுவழி திறக்க வேண்டிய நோயாளியை ஒரு மருத்துவர் தம் பயிற்சிக் காலம் முழுவதும் பார்க்காமலே போகலாம். பார்க்கும் அன்று கையில் இருப்பது சில நிமிடங்கள். ஒன்றைப் பார்த்து, அடுத்ததைச் செய்து, அதற்கடுத்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பழைய வழக்கம் இங்கே செல்லாது.

முன்னோடிகள்

நோயாளிமேல் கை வைக்குமுன் வேறொன்றில் பழக வேண்டும் என்ற எண்ணம் பழையது. சுசுருத சங்கிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் கீறவும், தாமரைத் தண்டில் இரத்தநாளத்தைக் குத்தவும், துணிப் பொம்மையின் உறுப்புகளில் கட்டுப்போடவும் மாணவன் பழக வேண்டும் என்கிறது அது. 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் செய்த இடுப்பு உருவத்தோடு ஊர் ஊராகச் சென்று பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

உயிர்மீட்புப் பயிற்சிக்கான புகழ்பெற்ற பொம்மை, விளையாட்டுச் சாமான் செய்பவர் ஒருவரின் பட்டறையில் பிறந்தது. நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்து ஆஸ்முண்ட் லேர்டால், குழந்தைகளுக்கான புத்தகங்களும் மென்பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்து விற்றவர். நீரில் மூழ்கிய தம் சின்ன மகனைத் தாமே தூக்கியெடுத்துப் பிழைக்கவைத்தவரும்கூட. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர்கள் ஜேம்ஸ் ஈலமும் பீட்டர் சாஃபரும், வாயோடு வாய் வைத்து ஊதுவதே பழைய கையழுத்த முறைகளைவிடப் பலன் தரும் என்று நிறுவினார்கள். அதை ஊரெல்லாம் கற்றுக்கொடுக்க ஓர் உருவம் வேண்டியிருந்தது. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் லிண்டின் துணையோடு லேர்டால் அதில் இறங்க, 1960-இல் ‘ரெசஸி ஆன்’ வெளிவந்தாள். பாரிசின் சேன் நதியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சைத்தான் அவளுக்கு வைத்தார். அது பிணத்தின் முகமே இல்லை என்போர் உண்டு. அந்த முகத்தின் தெளிவைப் பார்த்தால் அவர்கள் பக்கம் சாயவே தோன்றுகிறது. அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்சைச் சேர்ந்த கௌவன்ஹோவன் குழுவினர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தவோட்டம் தரலாம் என்று வெளியிட்டார்கள். சாஃபரின் யோசனைப்படி பொம்மையின் மார்புக்குள் சுருள்வில் ஏறியது. இன்றைய பொம்மைகள், அழுத்தம் 5 முதல் 6 செ.மீ. ஆழம் போகிறதா, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை விழுகிறதா என்பதையும் திரையில் காட்டிவிடுகின்றன.

1960-களின் இறுதியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், கணினி இயக்கும் ‘சிம் ஒன்’ உருவானது. மூச்சு விடும், கண் சிமிட்டும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது.

அடுத்த திருப்பம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1977-இல் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேப்டனின் முடிவைக் கீழுள்ளவர்கள் அழுத்தமாகத் தடுக்கவில்லை என்பது விசாரணைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பின் விமானிகளுக்குக் குழுவாக இயங்கும் பயிற்சி கட்டாயப் பாடமாக வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்டின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா 1980-களில் இதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். நெருக்கடியில் மருத்துவர் தடுமாறுவது பெரும்பாலும் பாடம் தெரியாததால் அல்ல. யார் எதைச் செய்வது என்று குழு குழம்புவதால்தான் என்பது அவர் அடிப்படை. அவசர மருத்துவம் அந்தப் பாடத்திட்டத்தைத் தனக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. அமெரிக்க மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று 1999-இல் அங்குள்ள மருத்துவக் கழகத்தின் அறிக்கை சொன்னதும், அதே அறிக்கை பாவனைப் பயிற்சியைப் பரிந்துரைத்ததும் இதை வேகமாகப் பரப்பின.

ஓர் அமர்வு

பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அவசரப் பிரிவுகளுக்கு மிகப் பழக்கமான நோயாளி. கட்டிலில் பொம்மை. வாயில் சோப்பு நுரை, சட்டையில் மருந்து வாடை, சுருங்கிய கண்மணி. மானிட்டரில் நாடி 44. ஒருபக்கக் கண்ணாடிக்கு அப்பால் பயிற்றுநர் கணினியோடு உட்கார்ந்திருப்பார். நோயாளியின் உறவினராக நடிப்பவர் உள்ளே வந்து சத்தம் போடுவார்.

குழு முதலில் கையுறை போட வேண்டும், உடையைக் களைய வேண்டும், சளியை உறிஞ்ச வேண்டும். அட்ரோபின் போட்டு, பலன் தெரியாவிட்டால் அளவை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். “சார், அட்ரோபின் போட்டாச்சு” என்று செவிலியர் திருப்பிச் சொல்கிறாரா என்பதையும் பயிற்றுநர் குறித்துக்கொள்வார். குழாய் செலுத்தும் கட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமான தசைதளர்த்தி மருந்தான சக்சினைல்கோலினைக் கேட்டால், இந்த விஷத்தில் தசைச்செயலிழப்பு நெடுநேரம் நீடிக்கும். மூத்தவர் அதைக் கேட்கும்போது இளையவர் யாராவது தடுக்கிறார்களா என்று பார்ப்பதுதான் இந்தக் காட்சியின் உள்நோக்கம். நம் மருத்துவமனைகளில் ‘சார்’ சொன்ன மருந்தை மறுத்துப் பேசுவது எளிதில்லை. இங்கிலாந்திலும் எளிதில்லை. 2005-இல் விமானி மார்ட்டின் பிரொமிலியின் மனைவிக்குச் சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது காற்றுவழி அடைபட்டது. மருத்துவர்கள் குழாய் செலுத்துவதிலேயே முனைந்திருக்க, கழுத்தில் துளையிடும் கருவிகள் தயார் என்று செவிலியர் சொன்னது செயலாக மாறவில்லை. மனைவி இறந்தபின் பிரொமிலி முன்னின்று மருத்துவத்தில் மனிதக் காரணிகளுக்கான அமைப்பைத் தொடங்கினார். அந்தச் சம்பவம் பற்றிய குறும்படம் பல நாட்டுப் பயிற்சிகளில் காட்டப்படுகிறது.

காட்சி பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். கற்றல் நடப்பது அங்கேதான். பாஸ்டன் மருத்துவப் பாவனை மையத்தினர் 2000-களில் இந்த உரையாடலுக்கு ஒரு முறை வகுத்தார்கள். பயிற்றுநர் தாம் பார்த்ததைச் சொல்வார். அதில் தமக்குள்ள கவலையைச் சொல்வார். பிறகு, அந்த நேரத்தில் உன் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்பார். திட்டுவதும் இல்லை, முதுகைத் தட்டி அனுப்பிவிடுவதும் இல்லை. கேட்கும்போதுதான் தெரியவரும்: மருந்தின் ஆபத்து அந்த இளையவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், பெரியவர் ஏதோ யோசித்துத்தான் சொல்கிறார் என்று விட்டிருப்பார்.

கருவியும் பலனும்

விலையுயர்ந்த பொம்மை வாங்கிவிட்டால் பயிற்சி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நிர்வாகங்களிடம் பலமாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நிஜத்தோற்றம் கூடக் கூடக் கற்றலும் அதே அளவு கூடுவதில்லை என்று ஜெஃப்ரி நார்மனும் கூட்டாளிகளும் 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். கழுத்தில் காற்றுவழி திறக்கப் பழக ஆட்டின் மூச்சுக்குழல் போதும். எலும்புக்குள் ஊசி செலுத்தக் கோழிக்கால், அல்ட்ராசவுண்டில் இரத்தநாளம் தேடிக் குத்த ஜெலட்டின் கட்டி. பொம்மைக்கு வியர்க்கவைப்பதைவிட இவை கைக்கு நல்ல பழக்கம் தருகின்றன.

பயிற்சி பலன் தருகிறதா என்ற கேள்விக்கு, 609 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான பகுப்பாய்வு பதில் சொன்னது: பயிற்சியே இல்லாததோடு ஒப்பிட்டால் அறிவிலும் திறனிலும் முன்னேற்றம் பெரிது, நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் நடுத்தரம். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் குழு இதைவிடத் தெளிவான கணக்கு காட்டியது. மையச் சிரைக் குழாய் போடுவதில் தேறும்வரை பொம்மையில் பழகியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்கு வந்தபின், 1,000 குழாய்-நாட்களுக்கு 3.20 ஆக இருந்த இரத்தத் தொற்று 0.50 ஆகக் குறைந்தது. மாரடைப்பில் பிழைப்பவர் எண்ணிக்கை போன்றவற்றில் இப்படிக் கணக்குக் காட்டுவது கடினம். எத்தனையோ காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன.

பயிற்சிக்கூடத்தில் செய்யாமல், அவசரப் பிரிவிலேயே முன்னறிவிப்பின்றி நடத்தும் ஒத்திகையும் உண்டு. கட்டடத்தின் கோளாறுகளை அது வெளிக்கொண்டுவரும்: பூட்டிய மருந்து அலமாரியின் சாவி யாரிடம், ஆக்சிஜன் உருளைக்கு ஏற்ற ரெகுலேட்டர் எங்கே, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் திரும்புமா.

இந்தியாவில்

அவசர மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-இல்தான் ஏற்றது. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், கல்லூரிகளில் திறன் ஆய்வகம் வேண்டும் என்கிறது. பொம்மை வாங்குவது ஒருமுறைச் செலவு. அதை வைத்துப் பயிற்சி நடத்த, வேலைநேரத்தில் விடுவிக்கப்பட்ட பயிற்றுநரும், ஒரே நேரத்தில் வார்டைவிட்டு வரக்கூடிய மருத்துவர்-செவிலியர் குழுவும் தேவை. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையில் பணத்தைவிடக் கிடைக்க அரிதானது இந்த ஆட்களின் நேரம்தான். அதனால் பணிமாற்ற வேளையில், வார்டு கட்டிலிலேயே 10 நிமிடத்தில் நடத்தி முடிக்கும் சிறு ஒத்திகைகள் இத்தகைய இடங்களுக்குக் கூடுதலாகப் பொருந்துகின்றன.