தங்கவயலும் தரையேறிய தவளையும்

கோலார் தங்கவயலின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டு முதுமை உடையன. அவை உருவான காலத்தில் முதுகெலும்புள்ள பிராணி ஒன்றுகூட உலகில் இல்லை. மீனினத்தின் ஒரு கிளை தரையை நாடத் தொடங்கியதே சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அந்த இடைநிலையைக் காட்டும் டிக்டாலிக் என்னும் பிராணியின் எலும்புகள் 2004-இல் வடகனடாவில் அகப்பட்டன. செதிலும் துடுப்பும் மீனுக்குரியன. கழுத்தும், துடுப்பினுள் அரும்பிய மணிக்கட்டும் தரைவாழ்வுக்கு முன்னோடிகள்.

இவ்வழியில் வந்த தவளையினம் தரையேறியதே தவிர, நீரை முற்றும் துறந்துவிடவில்லை. மார்பை விரித்து மூச்சிழுக்கும் ஆற்றல் அதற்கில்லை; வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஈரமான தோலும் சுவாசிக்கிறது. அது வாயால் நீர் பருகுவதில்லை; ஈரமண்ணில் அமர்ந்து அடிவயிற்றுத் தோலால் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் நீரை ஏற்கும் அதே தோல் வெயிலில் நீரை இழக்கவும் செய்கிறது. இதுவே அதன் இக்கட்டு.

கோலாரைப் போன்ற வறண்ட மேட்டு நிலத்தில் இவ்வுயிர் எங்ஙனம் பிழைக்கிறது? தங்கவயல் மக்களின் தாகத்திற்குப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. தவளைக்கு ஏது குழாய்? அது மண்ணுக்குள் இறங்குகிறது. தென்னாட்டு உலர்நிலங்களில் வாழும் பலூன் தவளையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் 1799-இல் உலகுக்கு அறிவித்த இனம் அது. உடல் உருண்டை, வாய் சிறிது; உணவு கறையானும் எறும்பும். பின்னங்கால்களின் அடியிலே மண்வெட்டி போன்ற தடித்த மேடுகள் உண்டு. அவற்றால் மண்ணை ஒதுக்கி, பின்புறமாகவே புதைந்துவிடுகிறது. சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரும் வறட்சிக் காலத்தில் உடலுக்குத் திரும்ப உதவுகிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொழிலைக் கையேற்றது முதல், நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உயிரைப் பணயம் வைத்து அம்மண்ணைத் துளைத்தனர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டிற்று. காற்றையும் குளிர்ச்சியையும் அவர்களுக்கு யந்திரங்கள் கீழே அனுப்பவேண்டியிருந்தது. தவளை சில அடிக்கு மேல் இறங்குவதில்லை. அதற்கு வேண்டிய கருவி அதன் காலிலேயே இருக்கிறது.

எனினும் முட்டையிட அது மேலே வந்தே தீரவேண்டும். தவளையின் முட்டைக்கு ஓடில்லை, உலர்ந்தால் அழியும். ஆகவே மழை பெய்த இரவில் தேங்கிய குட்டையைத் தேடிக் கூட்டமாக வருகின்றன. அந்நீர் வற்றுமுன் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாகவேண்டும். பயனற்ற பள்ளமென நாம் மண்ணிட்டு நிரப்பும் இடம் பல சமயங்களில் அத்தவளைகளின் ஒரே தொட்டில்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகளும் நின்றன. மனிதர் தோண்டிய பாதைகளில் நீர் ஏறலாயிற்று. அந்த ஆழத்து நீர் தவளைக்குப் பயன்படாது. மழைக்காலத்துத் தெருவோரக் குட்டை போதும்.