புது நாட்டின் முதல் நோட்டு

பூன் லே வட்டாரத்துக் கழக வீடுகளில் மூத்தவர்கள் மறைந்த பிறகு பிள்ளைகள் அலமாரியைத் திறந்து துப்புரவு செய்யும்போது, பழைய கடப்பிதழ், நகைக்கடை ரசீது இவற்றுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு வெள்ளி நோட்டும் கிடைப்பதுண்டு. நடுவில் ஆர்க்கிட் மலர் போட்ட நோட்டு. உடனே எழும் கேள்வி, "இது இப்போது எவ்வளவு போகும்?" என்பதுதான்.

கேள்வியில் தவறில்லை. பழைய நோட்டுக்குச் சந்தை உண்டு, விலையும் உண்டு. ஆனால் விலையோடு பேச்சு முடிந்துவிட்டால் அந்த நோட்டு சொல்ல வந்த கதை அங்கேயே நின்றுவிடும். புதிதாக விடுதலை பெற்ற ஒரு தீவு நாடு, "நான் யார்" என்று உலகத்துக்குச் சொன்ன முதல் வாக்குமூலங்களில் ஒன்று அதன் முதல் நோட்டு. அதைச் சேர்ப்பவர் முதலில் அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி. ஆனால் அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கள் கையில் புழங்கியது, மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம் வெளியிட்ட பொது நோட்டுதான். மலேசியாவுடன் பொது நாணயத்தைத் தொடரும் பேச்சு 1966ல் முறிந்தது. 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று சமமாகச் செல்லும் என்று உடன்பாடு இருந்தது. மலேசியா 1973ல் விலகிக்கொண்டது. புருணையுடன் அந்த உடன்பாடு இன்றும் நீடிக்கிறது.

அன்று புது நோட்டை மக்கள் நம்புவார்களா என்பது சிறிய கேள்வியன்று. ஜப்பானியர் ஆட்சியில் அச்சிடப்பட்ட, வாழை மரம் போட்ட நோட்டுகள் 1945ல் ஒரே நாளில் வெறும் காகிதமானதைக் கண்ட தலைமுறை அது. மூட்டை மூட்டையாக வைத்திருந்தவரும் வெறுங்கையோடு நின்றார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து அதே மக்களிடம் இன்னொரு புதிய காகிதத்தை நீட்டி, "இது செல்லும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. 1967 நோட்டு இன்றும் சட்டப்படி செல்லுபடியாகும் பணம்.

அந்த முதல் வரிசை நோட்டில் எந்தத் தலைவரின் முகமும் இல்லை. 1953 தேதியிட்ட பொது நோட்டில் எலிசபெத் அரசியார் இருந்த இடத்துக்கு ஆர்க்கிட் மலர் வந்தது. ஒரு வெள்ளி நோட்டின் பின்புறம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள். ஐந்து வெள்ளியில் சிங்கப்பூர் ஆறு. பத்து வெள்ளியில் தீவின் வரைபடத்தின் மேல் ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள். குடிசையிலிருந்து வீட்டுக்கு, பிழைப்பு, இன ஒற்றுமை என்று ஒரு புது அரசு எதையெல்லாம் தன் முதல் வேலையாக நினைத்தது என்பது இதில் தெரிகிறது.

சேகரிப்பாளர்கள் கையெழுத்தையும் பார்ப்பார்கள். ஆர்க்கிட் வரிசையில் லிம் கிம் சான், கோ கெங் சுவீ, ஹோன் சுய் சென் என மூவர் கையெழுத்து வரும். லிம் கிம் சான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர். அவர் கையெழுத்திட்ட ஒரு வெள்ளி நோட்டைத் திருப்பினால் அவர் காலத்தில் எழுந்த வீடுகள்! 25 வெள்ளி நோட்டு அந்த வரிசையோடு நின்றுவிட்டதால் அதற்கும் தனி மவுசு உண்டு. பூன் லேக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1968ல் தொடங்கிய சிங்கப்பூர் நாணயச்சாலை பல ஆண்டுகள் ஜாலான் பூன் லேயில் இயங்கியது. நோட்டு இங்கிலாந்தில் அச்சாகி வந்த காலத்தில், காசு இந்த வட்டாரத்தில் அடிக்கப்பட்டது.

தமிழருக்கு இந்த நோட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாட்டின் பெயர் நான்கு மொழிகளில், அவற்றுள் ஒன்றாகத் தமிழிலும் அச்சாகியிருக்கிறது. தினமும் பார்ப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அதன் அருமை தெரிய, தமிழர் குடியேறிய வேறு இரண்டு தீவு நாடுகளைப் பார்க்கலாம்.

மொரிஷியஸ் 1968ல் விடுதலை பெற்றது. அதன் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசை இருந்து வந்தது. 1998ல் வெளியான புது நோட்டில் தமிழ், இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தனர். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999ல் பழைய வரிசையுடன் வேறு நோட்டு வந்தது. ஒரு வரி மேலும் கீழும் போனதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கு போய்ச் சேர்ந்தவர்களுக்கு அது வெறும் வரியாகத் தெரியவில்லை.

பசிபிக் கடலில் உள்ள பீஜியின் கதை வேறு. கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து தமிழர்கள் 1903 முதல் கப்பலேறிப் போன நாடு அது. 1969ல் பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. 1970ல் விடுதலை பெற்றது. 1987ல் குடியரசும் ஆனது. ஆனால் அரசியார் படம் நோட்டை விட்டுப் போகவில்லை. 2013ல்தான் அந்த இடத்துக்கு உள்நாட்டுச் செடிகொடிகளும் உயிரினங்களும் வந்தன. கொடி மாறிய நாளிலேயே எல்லாம் மாறிவிடுவதில்லை என்பதற்கு அந்தப் பழைய நோட்டுகளே சாட்சி.

ஆகவே பழைய நோட்டு கிடைத்தால் அதைத் துவைக்கவோ, இஸ்திரி போடவோ, கிழிசலுக்கு டேப் ஒட்டவோ கூடாது. அப்படிச் செய்தால் விலையும் போகும், நோட்டும் போகும். நோட்டுக்கென்றே விற்கும் தரமான உறையில், ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் போதும். கூடவே ஒரு துண்டுத் தாளில், இது யாருடையது, எந்த வேலையில் சம்பாதித்தது, ஏன் செலவழிக்காமல் வைத்தார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நோட்டின் விலையைக் கடைக்காரர் எந்த நாளிலும் சொல்லிவிடுவார். இந்த மூன்றுக்கும் விடை சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.