முன்தகைவுக் கம்பிவட நீட்சி

முன்தகைவுக் கம்பிவட நீட்சி என்பது, காங்கிரீட் உத்திரங்களில் பதித்த உயர்வலிமை எஃகு வடங்களை ஜாக்கால் இழுக்கும்போது அவை நீளும் அளவு. ஜாக்கின் பிரஷர் கேஜ் காட்டுவது ஜாக் இருக்கும் முனையின் விசையை மட்டுமே. அந்த விசை வடம் நெடுகச் சென்று சேர்ந்ததா என்பதை நீட்சியே காட்டும்.

வரலாறு: பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பிரெய்சினே 1928-இல் முன்தகைவு முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவின் முதல் முன்தகைவுக் காங்கிரீட் சாலைப்பாலம், செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மீது 1954-இல் கட்டப்பட்டது.

கணக்கீடு: விசையை நீளத்தால் பெருக்கி, எஃகின் குறுக்குவெட்டுப் பரப்பாலும் யங் குணகத்தாலும் வகுத்தால் நீட்சி கிடைக்கும். வடத்தில் உள்ள 15.2 மி.மீ. ஸ்ட்ராண்ட் (முறுக்குக் கம்பி) ஒன்றின் பரப்பு 140 ச.மி.மீ.; யங் குணகம் சுமார் 195 கிகாபாஸ்கல். 30 மீட்டர் நீள ஸ்ட்ராண்டை 195 கிலோநியூட்டன் விசையில் இழுத்தால் அது சுமார் 214 மி.மீ. நீளும். வளைந்து செல்லும் வடம் தன்னைச் சுற்றியுள்ள ஷீத்திங் குழாயோடு உராய்வதால், ஜாக்கிலிருந்து விலக விலக விசை குறையும். ஆகவே சராசரி விசையையே கணக்கில் கொள்வர். நீண்ட வடங்களை இரு முனைகளிலும் இழுப்பதும் இதனால்தான்.

அளவீடு: தொடக்கத்தில் வடத்தின் தொய்வு நீங்குவதால், பிஸ்டனின் முதல் நகர்வு உண்மையான நீட்சி ஆகாது. சிறு விசையில் இறுக்கிய பிறகே அளக்கத் தொடங்கி, அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் குறித்துக்கொள்வர். புள்ளிகளை வரைபடமாக்கி, நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் விட்டுப்போன தொடக்க நீட்சி தெரியும். ஜாக்குக்குள் இருக்கும் ஸ்ட்ராண்டின் நீட்சியைக் கழிக்க வேண்டும். மறுமுனையில் ஸ்ட்ராண்டுகளின் மீது பெயின்ட் கோடு இடுவர். ஏதேனும் ஒன்று நழுவினால் அதன் கோடு மட்டும் உள்ளே போயிருக்கும்.

வேறுபாடு: கணக்கிட்ட நீட்சியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் வேலையை நிறுத்திக் காரணம் தேடுவது வழக்கம். மேற்கண்ட 30 மீட்டர் ஸ்ட்ராண்டில் அந்த 5 விழுக்காடு 11 மி.மீ. கூட இல்லை. நீட்சி குறைந்தால் ஷீத்திங்கில் சிமென்ட் பால் புகுந்த அடைப்பு, மிகுந்த உராய்வு ஆகியவற்றைப் பார்ப்பர்; கூடினால் ஸ்ட்ராண்ட் நழுவியதா, கம்பி அறுந்ததா, கேஜ் பிழையா என்று சோதிப்பர். கணக்கோடு பொருத்துவதற்காக அழுத்தத்தை வரம்பு மீறி ஏற்றக் கூடாது.

பூட்டுதல்: ஜாக்கைத் தளர்த்தும்போது, ஸ்ட்ராண்டைக் கவ்விப் பிடிக்கும் வெட்ஜ் (ஆப்பு) சுமார் 6 மி.மீ. உள்வாங்கும். 30 மீட்டர் வடத்தில் இது சிறிய இழப்பு. முழு நீட்சியே 71 மி.மீ. ஆன 10 மீட்டர் வடத்தில் பெரியது. பதிவேட்டை ஒப்புக்கொண்ட பின்னரே ஸ்ட்ராண்ட் முனைகளை வெட்டி, ஷீத்திங் குழாயில் சிமென்ட் கலவையை நிரப்பும் கிரவுட்டிங் செய்வர். கிரவுட் இறுகியபின் வடத்தைத் திரும்ப இழுக்க வழியில்லை.