ஏரி வாரியத்தின் கணக்கு

காஞ்சிபுரத்திற்குத் தென்பால் அமைந்த உத்திரமேரூர், தேர்தல் முறைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது; மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த குடவோலை முறையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். 2020 டிசம்பரில் புது தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோதும் இவ்வூரின் பெயர் பேசப்பட்டது. ஆனால் பேசுவோர் பெரும்பாலும் குடத்தோடு நின்றுவிடுகின்றனர். குடத்திலிருந்து பெயர் வெளிவந்தவர் ஓராண்டுக் காலம் என்ன செய்தார், முடிவில் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஊரின் தலைமைக் குழுவாகிய சம்வத்சர வாரியத்திற்கு, முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்து பழகியவர்களையே எடுத்தனர். நீரைக் காத்துப் பழகியவனிடமே ஊரை ஒப்படைத்தார்கள் என்று கொள்ளலாம்.

ஏரி பாசனத்திற்கன்றோ, குடிநீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இப்பகுதியில் ஏரி நிறைந்தால்தான் கிணறு ஊறும். பல்லவர் காலந்தொட்டு வைரமேகத் தடாகம் என வழங்கிய உத்திரமேரூர் ஏரி வற்றினால், வயல் மட்டுமா காயும்? வீட்டுக் குடமும் காயும். அதனாலேயே அவ்வேரியைத் தூர்வாரிக் கரையைப் பேணுவதற்கென ஊரார் செய்த ஏற்பாடுகள் கல்லிலே இடம்பெற்றன.

இனி, கணக்குக்கு வருவோம். 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி, மேலும் கடுமையாக்கினர். 921ஆம் ஆண்டு விதியின்படி, முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர் பெயர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மருமகன் எனப் பட்டியல் நீள்கிறது. அத்தனை பேர்க்கும் தடை. ஒருவன் பிழைக்காக உறவினரையும் விலக்குவது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. நாமும் அதை ஏற்கவில்லை. ஆயினும், கணக்கை மறைத்தவன் தன் மைத்துனன் பெயரில் மீண்டும் நுழையும் தந்திரத்தை அந்த மக்கள் நன்றாகக் கண்டிருக்கிறார்கள் என்பது விளங்குகிறது!

புகழ்ச்சியில் ஒரு குறையையும் மறைத்தல் தகாது. குடத்தில் பெயர் புக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறையிறுக்கும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர் சபை. அந்த ஏரிநீரால் உழுதவனுக்கும், அந்தக் கிணற்றில் நீர் சேந்திய பெண்ணுக்கும் அங்கே வாயில்லை.

அதே காலத்தை அடுத்து, பக்தாதில் வாழ்ந்த இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058) தம் ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் முஹ்தஸிபின் கடமைகளை வகுக்கிறார். ஓர் ஊரின் குடிநீர் வழி பழுதுபட்டால், பைத்துல்மாலில் பொருள் இருக்குமாயின் அதைக்கொண்டு சீர்செய்யுமாறு அவர் ஆணையிட வேண்டும்; இல்லையேல் வசதி படைத்த ஊரார் மீது அப்பொறுப்பு விழும் என்கிறார். நீர் பழுதானால் இன்னார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்த முறை அங்கும் இருந்தது. நம் பள்ளிவாசல் ஹவுளில் பாசி படர்ந்தால் முத்தவல்லியைக் கேட்கும் உரிமை மஹல்லாவாசிகளுக்கு உண்டல்லவா? அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இன்று உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஏரி வாரியத்தின் இடத்தில் ஊராட்சி இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், அவற்றை இயக்கும் ஓர் ஊழியர்: இவ்வளவே ஓர் ஊரின் குடிநீர் அமைப்பு. இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி, நூறு மில்லிலிட்டர் நீரில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூடத் தென்படலாகாது. குளோரின் இட்ட நீரில், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிஞ்சியிருக்க வேண்டும். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் நாளடைவில் வீரியம் இழக்கும். அதை அள்ளிப் போட்டுவிட்டு, ‘மருந்து போட்டாயிற்று’ என்று ஏட்டில் எழுதிவிடலாம். ஏடு சரியாகவே இருக்கும். நீர் சரியாக இராது. குழாய் முனையில் சோதித்துப் பார்த்தாலன்றி இது வெளிப்படாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், சோதனைப் பெட்டியை ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்துப் பயிற்சி அளிக்கச் சொல்வது இதனாலேயே.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. வழக்கில் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்தை அடைந்தது 2025 ஜனவரியில். குழந்தைகள் நோயுற்ற பின்னரே அத்தொட்டியை ஏறிப் பார்த்தார்கள்.

தமிழகத்தில் இப்போது மார்ச் 22, உலக நீர் நாளன்றும் கிராமசபை கூடுகிறது. அதில் எழுந்து பேசக் கால் வேலி நிலம் வேண்டியதில்லை, வேதமும் வேண்டியதில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி எது, குழாய் முனையில் குளோரின் பார்த்த பதிவேடு எங்கே என்று அங்கே ஒரு பெண் கேட்கலாம். கேட்டால், காட்டியாக வேண்டும்.