உப்புக் குறைவு என்னும் சொல்

பத்திரிகைப் பணி நிமித்தம் பல ஆண்டுகளுக்கு முன் கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டைப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு லயத்தில் கண்ட காட்சி இன்றும் மனதை விட்டு அகலவில்லை. ஆயுள் முழுவதும் இறப்பர்ப் பால் வெட்டிய தாயொருவர், இரு கால்களும் வீங்கி, மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்திருந்தார். மகள் கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "அம்மாவுக்கு இருதயம் பலவீனமாம், ரத்தத்துல உப்பும் கொறஞ்சு போச்சாம் ஐயா" என்றாள்.

வீக்கத்துக்குப் பிழையான பொருள் கொள்வது தோட்டங்களுக்குப் புதிதன்று. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென 1872இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. சிவில் மருத்துவத் துறையின் தலைவராயிருந்த கின்சி, 1887இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். உடல் வெளிறி, கால் வீங்கி, மூச்சிரைத்து மாண்டவர்களின் நோயை அது 'பெரிபெரி' என்றே குறித்தது. அவற்றிற் பெரும்பாலானவை கொக்கிப்புழுவின் வேலை என்பது பின்னரே தெளிவாயிற்று. வெறுங்காலுடன் மண்ணில் நடந்தவர்களின் உடலிற் புகுந்த புழு குருதியை உறிஞ்சும். குருதி குன்றக் குன்ற இருதயம் மிகையாக உழைத்து ஓய்ந்துபோகும். ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல்தான் இங்கு தொடங்கியது.

'உப்புக் குறைவு' என்பதும் அத்தகையதொரு சொல்லே. குருதியில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. இருதயம் தளர்ந்தால், உடலில் நீர் வற்றிவிட்டதென மயங்கிச் சிறுநீரகம் நீரையும் உப்பையும் தேக்கிவைக்கிறது. உப்பினும் நீரே அதிகம் தேங்குவதால் சோடியத்தின் அளவு குறைந்து தோன்றுகிறது. பால் வெட்டுவோர்க்கு இதை எளிதில் விளக்கலாம்: சிரட்டையில் மழை விழுந்தால் பால் நீர்த்துப்போகும், ஆனால் இறப்பர் குறைந்துவிடவில்லை. அந்தத் தாயின் உடலிலும் உப்பு உண்மையில் மிகுந்தே இருந்திருக்கும்.

லீ, பாக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கடுமையான இருதயத் தளர்ச்சியுற்ற 203 பேரை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டனர். சோடியம் இயல்பாயிருந்தோரின் இடைநிலை ஆயுள் 373 நாள். குறைந்திருந்தோர்க்கு 164 நாள் மட்டுமே. அப்படியாயின் அளவை உயர்த்தினால் ஆயுள் நீளுமா? தேங்கிய நீரை வெளியேற்றும் டொல்வாப்டான் மருந்தை 4,133 பேரிடம் சோதித்த முடிவு 2007இல் வந்தது. சோடியம் உயர்ந்தது, மரணம் குறையவில்லை. அந்த எண் அபாயமணி. மணியின் நாவைப் பிடித்து நிறுத்துவதால் தீ அணைவதில்லை.

நீர் மாத்திரைகளாலும் சோடியம் குறைவதுண்டு. ஆகவே மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், உப்பைத் தாமாகக் கூட்டுவதும் தகா. எவ்வளவு நீர் பருகலாம் என்பதையும் வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

அந்தத் தாய் சில வாரங்களில் காலமானதாகப் பின்னர் அறிந்தேன். உப்புத்தான் காரணம் என்று தீர்ப்புரைக்க நான் வைத்தியன் அல்லன். ஆனால் 'உப்புக் குறைவு' என்று சொன்ன வாய், 'உடம்பில் நீர் கூடிவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். அந்த மகளின் கை கஞ்சிப் பானையருகே ஒரு கணம் தயங்கியிருக்கும்.